கொழும்பு வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ: அறை, பாவித்த செட், உப்புக்காற்று

ஸ்டீரியோ செட் ஒன்று சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பனி நல்லது?" என்பதைத்தான். கொழும்பில் அதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயங்கள் வேறு. அறையின் நீள அகலம் என்ன? சுவரும் நிலமும் எதனால் ஆனவை? யன்னல் கடலைப் பார்க்கிறதா? சொக்கெட்டில் எர்த் வேலை செய்கிறதா? ஒரே சோடி ஸ்பீக்கர் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு விதமாகவும், நுகேகொடையில் ஓடு போட்ட பழைய வீட்டில் இன்னொரு விதமாகவும் பாடும். பணத்தைப் பிரிக்கும்போது ஏறத்தாழப் பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். மீதி அம்ப்ளிபயருக்கும் பாட்டு வரும் கருவிக்கும் போகட்டும். கேபிளுக்கு மிகச் சிறிய பங்கே போதும்.

அறையைச் சோதிப்பது

அறை நடுவில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டுங்கள். தட்டல் முடிந்த பிறகும் "டிர்ர்" என்று உலோகச் சத்தம் போல ஒன்று தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மாறி மாறி அடிபடுகிறது என்று அர்த்தம். டைல் நிலம், கொங்கிரீட் சிலாப், பூசிய சுவர், கண்ணாடி யன்னல் எல்லாம் சேர்ந்த கொழும்பு அறைகளில் இது சாதாரணம். இந்த அறையில் எவ்வளவு விலையான செட்டை வைத்தாலும் பாடகரின் குரல் கூசும்.

சரிசெய்ய ஸ்டூடியோப் பஞ்சு தேவையில்லை. ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையில் நிலத்தில் தடிப்பான பருத்தி விரிப்பு ஒன்று, யன்னலுக்கு நிலம் வரை தொங்கும் கனமான திரை, பக்கச் சுவரில் சிறிதும் பெரிதுமாகப் புத்தகங்கள் அடுக்கிய தட்டு, இவை மூன்றும் பெரும்பாலான அறைக்குப் போதும். சுவரோடு சுவராக ஒட்டும் கார்பட்டைத் தவிருங்கள். இங்கத்தைய ஈரப்பதனில் அடியில் பூஞ்சணம் பிடித்து, வீடு முழுக்க மணக்கும். தோய்த்துக் காயப்போடக்கூடிய விரிப்புத்தான் கொழும்புக்குச் சரி.

கூரை ஃபேனையும் கவனியுங்கள். இலத்திரனியல் ரெகுலேட்டர் போட்ட ஃபேன், வேகத்தைக் குறைக்கும்போது சில அம்ப்ளிபயர்களில் "ஸ்ஸ்" அல்லது "ஜ்ஜ்" என்று இரைச்சலை ஏற்றும். செட் பழுது என்று நினைத்துத் திருத்தக் கொடுக்க முன், ஃபேனை முழு வேகத்தில் விட்டும் நிறுத்தியும் கேட்டுப் பாருங்கள்.

ஸ்பீக்கர்

10 அடிக்கு 12 அடி அறைக்கு, 5 முதல் 6.5 அங்குல வூஃபர் (அடித்தொனியான பேஸைத் தரும் பெரிய கோன்) உள்ள, புத்தகத் தட்டில் வைக்கும் அளவான சிறிய ஸ்பீக்கர் நிறைவாகப் போதும். அதற்கு மேல் பெரியது வைத்தால் பேஸ் அறைக்குள் அடங்காமல் முழங்கும்.

புறக்கோட்டைப் பக்கம் பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்ட செட்டுகளைக் காண்பீர்கள். பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் அந்த எண்ணுக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்டையும், சென்சிட்டிவிட்டி என்ற அளவையும் மட்டும் பாருங்கள். 88 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கர், 1 வாட் கொடுக்கும்போது 1 மீற்றர் தூரத்தில் 88 டெசிபல் சத்தம் தரும். வாட் இரட்டிக்க 3 டெசிபல்தான் கூடும். ஆகவே 16 வாட்டில் 100 டெசிபல் வந்துவிடும். சிறிய அறையில் அது காது தாங்காத சத்தம். நேர்மையான 30 வாட் அம்ப்ளிபயர் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு ஏன் தாராளம் என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

பாவித்த ஸ்பீக்கர் வாங்கும்போது முன்துணியைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. கோனைச் சுற்றியுள்ள வளையம் எதனால் ஆனது என்று பாருங்கள். றப்பர் அல்லது துணி என்றால் பெரும்பாலும் நீடிக்கும். 1980களிலும் 90களிலும் வந்த பல ஸ்பீக்கர்களில் அது ஃபோம். நம் காலநிலையில் ஃபோம் பிசுபிசுத்து, பிறகு விரலால் தொட உதிரும். உதிர்ந்ததைப் புதிய வளையம் ஒட்டித் திருத்தலாம். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து, இரண்டு பெருவிரல்களையும் கோனின் இருபுறமும் சம தூரத்தில் வைத்து மெல்ல உள்ளே அமர்த்துங்கள். சுரண்டும் சத்தம் வந்தால் உள்ளே சுருள் கம்பி காந்தத்தில் உரசுகிறது. அதை விட்டுவிடுங்கள். பிறகு சத்தத்தைக் குறைத்துப் பாட்டுப் போட்டு, உயர் சுரங்களைத் தரும் சிறிய கோனான ட்வீட்டர் ஒவ்வொன்றுக்கும் கிட்டக் காதை வையுங்கள். ஒன்று ஊமையாக இருந்தால், முன்னைய வீட்டில் சிறிய அம்ப்ளிபயரின் வொலியுமை எல்லை வரை முறுக்கி விட்டிருக்கலாம். அம்ப்ளிபயர் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் தலை வெட்டுப்பட்டு, உயர் ஒலிச் சக்தி பெருகி ட்வீட்டரை எரிக்கிறது. பெரிய அம்ப்ளிபயரை விடச் சிறியதை முறுக்குவதே பல ட்வீட்டர்களைக் கொன்றிருக்கிறது. கடைசியாகப் பெட்டியின் அடிப்பக்க மூலைகளைத் தடவிப் பாருங்கள். சிப்போர்ட் ஈரத்தில் ஊதியிருந்தால் கையிலேயே தெரியும்.

ஜப்பான் அம்ப்ளிபயரும் 100 வோல்ட்டும்

கொழும்பில் பாவித்த சாமான் விற்கும் இடங்களில் சன்சுயி, பயனியர், டெனன், கென்வூட், யமஹா என்று ஜப்பானில் இருந்து நேராக வந்த அம்ப்ளிபயர்கள் கிடைக்கின்றன. கொடுக்கும் காசுக்கு இவற்றை மிஞ்சியது எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் பல, ஜப்பானிய வீடுகளுக்கென 100 வோல்ட்டில் செய்தவை. நமது சொக்கெட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

பின்பக்கத் தகட்டை டோர்ச் அடித்து வாசியுங்கள். 100 வோல்ட் மட்டும் என்று இருந்தால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் இயக்கவே முடியாது. தட்டையான இரண்டு கால் பிளக்கை நம் சொக்கெட்டில் பொருத்த விற்கும் அடப்டர் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. நல்ல அம்ப்ளிபயர்கள் ஒரு நொடியில் புகைவது இந்த அடப்டரால்தான். ஏற்றுமதிக்குச் செய்த செட் என்றால் பின்னால் 110, 120, 220, 240 என்று திருப்பும் தெரிவு இருக்கும். பிளக் குத்த முன் அதை 240 இல் வையுங்கள்.

ட்ரான்ஸ்போமர் வாங்கும்போது தகட்டில் உள்ள மின்நுகர்வைப் போல இரு மடங்கு எடுங்கள். 250 வாட் என்றிருந்தால் 500 வி.ஏ. (வோல்ட்-அம்பியர்) வேண்டும். இயலுமானால் இரண்டு சுருள்களும் தனித்தனியாக உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே சுருள் உள்ள ஓட்டோ ட்ரான்ஸ்போமர் மலிவானது, ஆனால் அதன் பொதுச் சுருள் அறுந்தால் 230 வோல்ட் முழுவதும் செட்டுக்குள் பாயும். வீட்டில் அதை வைக்கும் இடம் அம்ப்ளிபயரில் இருந்தும் ரெக்கோட் பிளேயரில் இருந்தும் குறைந்தது மூன்றடி தள்ளியிருக்கட்டும். கிட்ட வைத்தால் அதன் காந்தப்புலம் ஹம் சத்தமாக ஸ்பீக்கரில் கேட்கும். பிளக்கின் ஃபியூஸ் 13 அம்பியர் என்றால் 3 அம்பியருக்கு மாற்றுங்கள்.

ரேடியோவும் சேர்ந்த ஜப்பான் ரிசீவர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து ஜப்பானிய எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நமது நிலையங்கள் 108 வரை பரந்திருக்கின்றன. பெரும்பாலானவை அதில் பிடிபடா. ரேடியோ முக்கியம் என்றால் ஏற்றுமதி மாதிரியைத் தேடுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை இது. ஸ்பீக்கர் எதையும் கொழுவாமல் செட்டைப் போடுங்கள். ஸ்பீக்கரைக் காக்கும் தானியங்கிச் சுவிட்சான ப்ரொடெக்ஷன் ரிலே உள்ள செட்டுகளில் சில வினாடிகளில் உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே கோளாறு என்று செட் தானே சொல்கிறது. கேட்டால், மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்பீக்கருக்கான சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் என்றால் பயமில்லை. 100க்கு மேல் என்றால் திருத்துபவர் ஒருவர் பார்க்கும் வரை உங்கள் ஸ்பீக்கரைக் கொழுவாதீர்கள்.

பிறகு ஸ்பீக்கரோடு கேளுங்கள். நொப் திருப்பும்போது கரகரத்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை இருபுறமும் திருப்பினால் போதும், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ஒரு பக்கம் சத்தமின்றி இருந்து, வொலியுமைக் கூட்டியதும் திடீரென வந்தால் பெரும்பாலும் ரிலேயின் முனை கறுத்திருக்கிறது. அது மலிவான திருத்தம். வொலியும் பூச்சியத்தில் இருக்கும்போதும் ஸ்பீக்கரில் ஹம் சத்தம் கேட்டால் பெரிய கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கலாம், அவற்றை மாற்ற வேண்டி வரும். மூடியைத் திறந்து நீங்களே தொட வேண்டாம். பிளக் கழற்றிய பின்னும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மின் தங்கி நிற்கும்.

இணைப்பது

எல்லாப் பிளக்கையும் சுவரில் இருந்து கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். 5 மீற்றர் வரையான தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போதும். போகவும் வரவும் சேர்த்து அதன் மின்தடை ஏறத்தாழ 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளம் வெட்டி, முனையில் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்குங்கள். வெளியே நீட்டும் ஒரேயோர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் அம்ப்ளிபயர் ஷோட் ஆகும்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் பேஸ் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பழைய ஸ்பீக்கரில் நிறக்குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் டோர்ச் பற்றரியின் நேர்முனையை ஒரு கம்பியிலும் எதிர்முனையை மற்றதிலும் கணப்பொழுது தொடுங்கள். வூஃபர் வெளியே துள்ளினால் நேர்முனை தொட்ட கம்பிதான் சிவப்பு. ஒரே முனையில் இரண்டு சோடி ஸ்பீக்கர் போட ஆசைப்பட வேண்டாம். 8 ஓம் இரண்டு சமாந்தரமாகச் சேர்ந்தால் 4 ஓம், பல அம்ப்ளிபயர்கள் அதில் கொதித்துப் போகும்.

தொலைபேசியையோ டி.வி.யையோ ஏ.யு.எக்ஸ்., சி.டி., டேப் பிளே என்ற எந்த வாயிலிலும் கொழுவலாம், மூன்றும் ஒன்றுதான். ஃபோனோ என்ற வாயிலில் மட்டும் வேண்டாம். அது மில்லிவோல்ட் கணக்கில் வரும் ரெக்கோட் பிளேயர் ஊசியின் சிக்னலுக்கானது. தொலைபேசியை அதில் போட்டால் ஒலி உடைந்து அலறும்.

கதிரையும் ஸ்பீக்கரும்

10க்கு 12 அறையில் குறுகிய சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர்களை வைத்து, நீளவாட்டில் பாட விடுங்கள். முதுகுச் சுவரில் இருந்து ஒன்றரை அடி முன்னால், ஒன்றுக்கொன்று 6 அடி இடைவெளி, பக்கச் சுவருக்கு 2 அடி. உங்கள் தலை இரண்டு ஸ்பீக்கரில் இருந்தும் 6 அடி தூரத்தில் இருக்க வேண்டும். அப்போது உங்களுக்குப் பின்னால் நாலடிக்கு மேல் இடம் மிஞ்சும். அந்த இடம் அவசியம். பின்சுவரில் தலை முட்ட உட்கார்ந்தால் பேஸ் பெருத்துக் கேட்கும். அறையின் சரி நடுவில் உட்கார்ந்தால் சில சுரங்கள் காணாமல் போகும்: 12 அடி நீள அறை ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் தானாக அதிரும், அந்த அதிர்வு நடுவில் அடங்கிச் சுவரோரத்தில் பெருகும்.

ட்வீட்டர் உங்கள் காது மட்டத்தில் இருக்கட்டும். டி.வி. மேசையின் தாழ்ந்த தட்டிலோ அலுமாரியின் மேலோ வைப்பதுதான் இங்கே அதிகம் காணும் பிழை. பெண் குரல் ஒன்றைப் போட்டு, அது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், வெறும் சுவரில் இருந்து வருவது போலக் கேட்கும் வரை ஸ்பீக்கர்களை ஒவ்வோர் அங்குலமாக உள்பக்கம் திருப்புங்கள். இதற்கு ஒரு பின்னேரம் செலவழித்தால், புது அம்ப்ளிபயர் வாங்கும் ஆசையே பலருக்குத் தீர்ந்துவிடும். தொடர்மாடி என்றால் ஸ்பீக்கருக்கு அடியில் தடித்த றப்பர் துண்டுகள் வையுங்கள், கீழ் வீட்டுக்கு இறங்கும் அதிர்வு குறையும்.

இசைத்தட்டு

ரெக்கோட் பிளேயர் வாங்குபவர் முதலில் மோட்டாரைக் கேட்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த பழைய ஏ.சி. மோட்டார் நமது 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுழலும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, 28க்குக் கீழே இறங்கி, பாடகர் தூக்கத்தில் பாடுவது போலிருக்கும். ட்ரான்ஸ்போமரால் இதைத் திருத்த முடியாது. மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் டைரக்ட் ட்ரைவ் அல்லது டி.சி. மோட்டார் உள்ளதில் இந்தத் தொல்லை இல்லை.

ஊசியின் பாரத்தை இப்படி அமைப்பது: ஊசி உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் அன்ரி-ஸ்கேட்டைப் பூச்சியத்தில் வைத்து, ஊசியைத் தாங்கும் பிளேயரின் கையைத் தராசு போலச் சமநிலையில் மிதக்க விடுங்கள். எதிரெடையில் உள்ள எண் வளையத்தை மட்டும் 0க்குத் திருப்புங்கள். பிறகு முழு எடையையும், ஊசி பொருத்திய கார்ட்ரிஜ் கேட்கும் அளவுக்குத் திருப்புங்கள், பொதுவாக 1.5 முதல் 2 கிராம். அன்ரி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. இலேசான ஊசி துள்ளித் துள்ளி விழுந்து பள்ளத்தைச் சிதைக்கும். கரையோர ரயில் பாதைக்குக் கிட்ட வீடு என்றால், பிளேயரை மேசையில் வைப்பதை விடச் செங்கல் சுவரில் அடித்த தட்டில் வைத்துப் பாருங்கள்.

ஹம் சத்தம் வந்தால் பிளேயரின் மெல்லிய எர்த் வயர் அம்ப்ளிபயரின் ஜி.என்.டி. திருகில் இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். பாட்டா வீட்டில் இருந்து வந்த 78 சுற்றுத் தட்டுகளை எல்.பி. ஊசியால் தேய்க்காதீர்கள். அந்தப் பள்ளம் அகலமானது, அதற்கெனத் தனி ஊசி உண்டு. அவை ஷெலாக்கால் ஆனவை, அல்கஹோல் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் மட்டும்.

ஈரம், உப்பு, பல்லி, இடி

கொழும்பின் காற்றில் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியும் 70 வீதத்துக்கு மேல். செட்டைப் பொலித்தீனால் மூடி வைத்தால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். வாரம் இருமுறையாவது அரை மணி நேரம் போட்டு விடுங்கள், அதன் சூடே அதைக் காயவைக்கும். மேலே நாலங்குலமாவது வெறுமையாக இருக்கட்டும். சிலிக்கா ஜெல் மூடிய பெட்டிக்குள் மட்டுமே வேலை செய்யும், திறந்த அலுமாரியில் அது வீண். இசைத்தட்டுகளை நிமிர்த்தி, மழை அடிக்கும் வெளிச்சுவரில் படாமல் அடுக்குங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரத்தில் ஸ்பீக்கர் வயரின் முனை பச்சை பூக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சென்ரிமீற்றர் வெட்டி எறிந்து, புதிதாக உரித்துப் பூட்டுங்கள். கருவிகளை அம்ப்ளிபயரோடு இணைக்கும் ஆர்.சி.ஏ. பிளக்குகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, முறுக்கியபடியே திரும்பக் குத்துங்கள். அந்த உரசலிலேயே முனை துலங்கும். ஒரு பக்கம் வந்து வந்து போகும் தொல்லையில் பெரும்பங்கு இத்தோடு தீரும்.

சூடு தேடி வரும் பல்லியும் எறும்பும் உள்ளே ஷோட் ஆக்கும். பின்பக்க, அடிப்பக்கத் துளைகளுக்கு நைலோன் நுளம்பு வலை ஒட்டலாம். மேல் துளைகளை மூட வேண்டாம், செட் ஆறிய பிறகு மெல்லிய துணி போட்டால் போதும்.

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடி கடுமையானது. சுவிட்சை நிறுத்துவது பாதுகாப்பல்ல. பிளக்கையே கழற்றுங்கள், அன்ரெனா வயரையும் ரூட்டரில் இருந்து வரும் கேபிளையும் சேர்த்து. மின்வெட்டு வந்தால் செட்டை நிறுத்தி, கரண்ட் திரும்பி ஐந்து நிமிடம் நிலைத்த பிறகு போடுங்கள்.

வீட்டில் உள்ள கசட்டுகள்

1925 டிசம்பரில் வானொலி தொடங்கிய நகரம் இது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் காத்திருந்து கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள் கசட்டில் பிடித்து வைத்த நிகழ்ச்சிகளும், வெளிநாடு போன பிள்ளைகள் பேசி அனுப்பிய நாடாக்களும் இன்னும் பல அலுமாரிகளில் கிடக்கின்றன. பாட்டு எங்கும் கிடைக்கும். அந்தக் குரல்கள் வேறெங்கும் கிடையா. செட் ஒன்று சேர்ந்ததும் முதல் வேலையாக இவற்றைக் கணினிக்கு மாற்றுங்கள்.

கசட்டின் சிறு யன்னலால் பார்க்கும்போது நாடாச் சுற்றில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை ஓட விடாதீர்கள். பூஞ்சணம், நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசட்டுக்கும் தொற்றும். தனியாக எடுத்து வைத்து, நாடா திருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கசட் என்றால் முதலில் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள், ஒட்டிய படைகள் விடும். கசட் டெக்கின் ஹெட்டையும் றப்பர் உருளையையும் ஒவ்வொரு கசட்டுக்கும் முன் சுத்தம் செய்யுங்கள். ஹெட்டுக்கு ஐசோப்ரொபைல் அல்கஹோல், றப்பருக்குச் சற்று ஈரத்துணி. டெக்கின் லைன் அவுட்டில் இருந்து கணினியின் லைன் இன்னுக்கு, அல்லது யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் ஒன்றுக்கு வயர் போகட்டும். டபிள்யு.ஏ.வி. கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியுங்கள். மிக உரத்த இடத்திலும் மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாதபடி லெவலை வையுங்கள். குரல் மங்கலாக இருந்தால் ஹெட்டின் பக்கத்தில் உள்ள, அதன் சாய்வை மாற்றும் சிறு அசிமத் திருகை, உயர் ஒலி தெளியும் வரை சிறிது சிறிதாகத் திருப்பலாம். முதலில் இருந்த நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். கோப்பின் பெயரில் ஆண்டையும், பேசுபவர் யார் என்பதையும் எழுதி, ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். மூலக் கசட்டை எறிய வேண்டாம். அதன் பின்பக்க இரண்டு பிளாஸ்டிக் முளைகளையும் உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிய முடியாது.